என் கையைப் பிடித்து இழுத்த கடைக்காரர்

1978-ஆம் வருடம், மழைக்காலம். கல்யாணமாகி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேசியாவுக்கு வந்து ஐந்தே மாதம் ஆகியிருந்தது. கேமரன் மலையில், ரிங்லெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் கணவர் லோரி டிரைவர்.

அங்கே எனக்கு எல்லாமே பயம்தான். பட்டப்பகலில் வாசல்வரை வந்து நிற்கும் பனி, கால் விரலிடுக்கில் ஏறும் அட்டை, சாலையில் வரிசையாகப் போகும் ராணுவ வண்டி. மலாய் பத்து வார்த்தைகூடத் தெரியாது. சீனர்கள் சாதாரணமாகப் பேசினாலே யாரோடோ சண்டை போடுகிறார்கள் என்று நினைப்பேன். பக்கத்து வீட்டு அக்கா வேறு, "தனியா எங்கயும் போயிடாத" என்று தினமும் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டத்து லோரி நின்றுவிட்டது என்று கணவரைக் கூப்பிட்டுப் போனார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றவர் இரண்டு மணியாகியும் வரவில்லை. பசியோடு இருப்பாரே என்று சோற்றைத் தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அக்கா தடுத்தார். நான் கேட்கவில்லை. வழி தெரியும், ஒரு தடவை அவரோடு போயிருக்கிறேன்.

தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கினால் ஆறு. ஆறு என்று பேர்தானே தவிர, பாறைகளுக்கு இடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். மேலே இரண்டு பலகை போட்டு ஒரு பாலம். அதைத் தாண்டினால் காய்கறித் தோட்டங்கள். இந்தப் பக்கம் கரை மேட்டில் தகரக் கூரை போட்ட ஒரு மளிகைக் கடை. நான் இருந்த இடத்தில் மழை இல்லை. மலை உச்சிப் பக்கம் மட்டும் வானம் கன்னங்கரேலென்று இருந்தது.

பாலத்துக்குப் பத்தடி இருக்கும்போது ஒரு சங்கு ஊத ஆரம்பித்தது. எங்கள் ஊர் மில்லில் ஷிப்டு மாறும்போது ஊதுவார்களே, அப்படி. தேயிலைத் தொழிற்சாலையில் ஊதுகிறார்கள் என்று நினைத்து நடந்துகொண்டே இருந்தேன்.

"ஆயர்! ஆயர்!"

திரும்பினேன். மளிகைக் கடையிலிருந்து ஒரு சீனர் என்னைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மேலே சட்டையில்லை. கையில் கறி வெட்டும் கத்தி.

சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. பாலத்தை நோக்கி ஓடினேன். முதல் பலகையில் கால் வைத்திருப்பேன், பின்னாலிருந்து என் கையை எட்டிப் பிடித்துவிட்டார். கத்தியை எங்கே போட்டார் என்று தெரியாது. இரண்டு கையாலும் என்னை இழுத்தார். கத்தினேன், கடித்தேன். பிடி விடவில்லை. தூக்குச் சட்டியால் ஓங்கி அவர் நெற்றியில் அடித்தேன். ரத்தம் கொட்டியது. அப்போதும் விடாமல், படி படியாக என்னை மேட்டுக்கு இழுத்துப்போய்க் கடைக்குள் தள்ளி, வாசலை மறித்து நின்றுகொண்டார்.

அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தேன். சேலை கிழிந்திருந்தது. செத்தாலும் பரவாயில்லை, மானத்தோடு சாகவேண்டும் என்று மனசுக்குள் மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். பத்து லோரியில் கல்லை ஏற்றிவந்து ஒரே நேரத்தில் கொட்டுவது போல. கடையின் தரை அதிர்ந்தது. அவர் வாசலை விட்டு விலகி, கீழே கை காட்டினார்.

பாலம் இல்லை. பாறைகள் இல்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் மரங்களைப் புரட்டிக்கொண்டு போனது. நான் காலை வைத்த பலகை இருந்த இடத்துக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்கு வெள்ளம். மேலே ஒரு அணை இருப்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மழையில் அது நிரம்பித் தண்ணீர் திறந்துவிடப் போகிறார்கள், ஓடிவிடுங்கள் என்பதற்குத்தான் அந்தச் சங்கு. மலாயில் 'ஆயர்' என்றால் தண்ணீர். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆனால் என் பயம் அதோடு தீரவில்லை. என் கணவர் அக்கரையில் அல்லவா இருக்கிறார்! "சுவாமி, சானா, சுவாமி, சானா" என்று அக்கரையைக் காட்டி அழுதேன். கணவர், அங்கே, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மலாய். "லோரி" என்றும் சேர்த்துச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. கையை உயரத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னார். அந்தத் தோட்டம் மேட்டில் இருக்கிறது என்கிறாரா, சும்மா என்னைத் தேற்றுகிறாரா? தெரியவில்லை.

நெற்றியில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். கெட்டிப்பால் ஊற்றி இரண்டு கிளாஸ் தேத்தண்ணி போட்டார். ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு, நான் பயப்படக்கூடாது என்று கடையின் அடுத்த மூலைக்குப் போய் உட்கார்ந்தார்.

நான் அழுகையை நிறுத்தவேயில்லை. அதனால்தானோ என்னவோ, அவர் பேச ஆரம்பித்தார். தன் நெஞ்சைத் தொட்டு, "சீனா" என்றார். பிறகு, "காப்பால்" என்றார்.

கப்பல்!

நிமிர்ந்து பார்த்தேன். "கப்பல்" என்றேன். என்னையும் தொட்டுக் காட்டி, "இந்தியா, கப்பல்" என்றேன். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. இடுப்பளவு கையை வைத்து, அப்போது தான் இவ்வளவு உயரம் என்று காட்டினார். அம்மா கரையில் நின்றதைக் காட்டினார். அப்புறம் கையை விரித்தார். அதற்குப் பிறகு அம்மாவைப் பார்க்கவேயில்லை என்று புரிந்துகொண்டேன். துறைமுகத்தில் என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. என் அம்மாவும் அப்படித்தான் நின்றாள் என்று நானும் செய்து காட்டினேன்.

மணி ஐந்து இருக்கும். மேட்டுச் சாலையில் யாரோ என் பேரைச் சொல்லி அலறிக்கொண்டு வருவது கேட்டது. என் கணவர்! அவர் மேல் ரோடு சுற்றி வீட்டுக்கே போய்விட்டாராம். நான் சோறு எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனேன் என்று அக்கா சொன்னதும் உயிர் போய்விட்டதாம் அவருக்கு. கடைக்குள் வந்தவர் என் கிழிந்த சேலையைப் பார்த்தார், ரத்தக் கட்டோடு இருந்த மனிதரைப் பார்த்தார். பாய்ந்து கழுத்தைப் பிடித்துவிட்டார்.

"ஐயோ, அவரு மேல கை வைக்காதீங்க! அவரு இல்லைன்னா நான் ஆத்தோட போயிருப்பேன்!"

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் என் கணவர் பிடியை விட்டுவிட்டார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு மலாயில் ஏதேதோ சொன்னார். கடைக்காரர் கழுத்தைத் தடவிக்கொண்டே என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்தார்.

"என்னங்க சொல்றாரு?"

"ஒன் பொண்டாட்டிக்கு கை ரொம்ப பலம்லா, பாத்து இருந்துக்கங்கிறாரு."



அந்தக் கடைக்கு அப்புறம் எத்தனையோ தடவை போனேன். அவர் நெற்றித் தழும்பைப் பார்த்து யாராவது கேட்டால், படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்வாராம். கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இன்றைக்கும் முன்பின் தெரியாத ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டு எதிரே வந்தால் எனக்கு முதலில் பயம்தான் வருகிறது. ஆனாலும், இவர் என்ன சொல்ல வருகிறார் என்று ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.