ஆடிக்குள் போக வேண்டிய மஞ்சள் கார்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்கிறவனுக்கு நெஞ்சு கெட்டியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்திலேயே நல்ல டாக்டர் இருக்க வேண்டும். தஞ்சாவூரில் டாக்டருக்குக் குறைவில்லை என்பதால் தைரியமாக இறங்கிவிட்டேன். ஆசைப்பட்டு ஒன்றை வாங்கிவிட்டு, அதைத் தள்ளிவிட முடியாமல் விழித்திருக்கிறீர்களா? அப்படியானால் வாருங்கள், நாம் ஒரே ஜாதி.

வந்து இறங்கியது

வழக்கமாக நான் சாதாரணக் கார்களைத்தான் ஏலத்தில் எடுத்து, வெளியூர் வியாபாரிகளுக்குக் கைமாற்றுவேன். அந்த மஞ்சள் வண்டியை போனில் படம் பார்த்தே எடுத்தேன். இரண்டே சீட்டு, வெளிநாட்டுத் தயாரிப்பு, ஸ்டார்ட் செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். லாரியிலிருந்து இறக்கி என் கடை வாசல் சரிவில் ஏற்றினோம். பாதியில் வயிறு தரையில் தட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. முன்சக்கரம் அந்தரத்தில் சுற்றியது.

ஆரத்தித் தட்டோடு வந்த என் மனைவி மாலதி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எங்கள் வீட்டில் நாலு பேர் என்பதை நான் மறந்தது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவள் தட்டைத் தரையில் வைத்தாள்.

“ஆடி பொறக்கறதுக்குள்ள இது போயாகணும். போகலைன்னா, கடைய மூடிட்டு எங்கண்ணன் டிராக்டர் ஷோரூமுக்கு நீங்க போறீங்க!”

உள்ளே போனவர்

மச்சானிடம் கைகட்டி வேலை பார்ப்பதா? அந்த நினைப்பிலேயே எனக்குத் தூக்கம் போனது. நல்லவேளையாக மயிலாடுதுறையிலிருந்து ஒரு அரிசி ஆலைக்காரர் வந்தார். பட்டு வேட்டி, நல்ல ஆகிருதி. குனிந்தார், திரும்பினார், ‘தொப்’பென்று உள்ளே விழுந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துச் சிரித்தார். வண்டி விலைபோய்விட்டது என்றே முடிவு கட்டினேன்.

அப்புறம் அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. நான் ஒரு கை, அவருடைய டிரைவர் ஒரு கை. நாங்கள் இழுத்த இழுப்பில் மனிதர் வெளியே வந்தார்; வேட்டி உள்ளேயே தங்கிவிட்டது. ஆற்றிக்கொண்டிருந்த டீயை எதிர் டீக்கடை மாஸ்டர் அப்படியே நிறுத்திவிட்டார். வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு அவர் சொன்னார்:

“வண்டி பிரமாதம் தம்பி. ஆனா இதுல போயி ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல நான் எப்படி இறங்குறது, சொல்லுங்க?”

உளுந்து

இனி சொந்தத்துக்கு வாங்குகிறவர்கள் வேண்டாம் என்று சென்னை வியாபாரி ஒருவரை வரவழைத்தேன். என்னிடம் வாங்கி அடுத்த வியாபாரிக்கு விற்கிறவர். வண்டியைத் தடவித் தடவிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. ஓட்டிப் பார்க்க நன்னிலம் பக்கம் போனோம். பங்குனி மாதம். பிடுங்கிய உளுந்தஞ்செடியைத் தார்ரோட்டை மறைத்துப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்தால் உளுந்து உதிர்ந்துவிடும், தனியாக அடிக்க வேண்டியதில்லை. அவர் பிரேக்கை மிதித்தார். நான்தான் பழக்கதோஷத்தில், “சும்மா ஏறிப் போங்க சார், அதுக்குத்தான் போட்டிருக்காங்க” என்றேன்.

வண்டி ஏறவில்லை, வாரியது. எதிரே செடி குவிந்து கண்ணாடியை மறைத்தது. மிச்சம் அடியில் போய் அடைத்துக்கொண்டது. சூடான சைலன்சரில் காய்ந்த செடி பட்டால் என்ன ஆகும்? குபுகுபுவென்று புகை. வியாபாரி கதவைத் திறந்து, பூட்ஸோடு வாய்க்காலில் குதித்தார். வயல்வேலையில் இருந்த பெண்கள்தான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். முன்பக்க பம்பர் உடைந்து தொங்கியது. வியாபாரி ஈரத்தோடு பஸ் ஏறிப் போய்விட்டார். உளுந்துக்குச் சொந்தக்கார அம்மா இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தார்.

“லாரி போனா மிதிச்சுக் குடுக்கும், பஸ்ஸு போனா மிதிச்சுக் குடுக்கும். உன் வண்டி என்னப்பா, கூட்டிப் பெருக்கி ஓரமா வச்சிட்டு நிக்குது?”

எண் பதினேழு

பம்பரை ஒட்டவைத்து மூன்று மாதம் காத்தும் ஒருவரும் வரவில்லை. கடைசியில் நடந்ததையெல்லாம் மறைக்காமல் எழுதி, வியாபாரிகள் மட்டும் கேட்கும் ஆன்லைன் ஏலத்தில் போட்டேன். ஆடி பிறக்க நாலு நாள். அதில் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, பதினேழு என்கிற ஒரு மகராசன் மட்டும் விடாமல் ஏற்றிக்கொண்டே போனான். நான் நினைத்ததற்கு மேலேயே முடிந்தது. மாலதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடை பிழைத்தது என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவள் சிரித்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் வண்டியை எடுக்க ஒரு டிரெய்லர் வந்தது. அதை இழுத்து வந்தது புத்தம்புது டிராக்டர். மேலே உட்கார்ந்திருந்தவர் என் மச்சான். டிராக்டர் டீலரும் வியாபாரிதானே, ஏலத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்! அந்தப் பதினேழு இவர்தான். அவர் இறங்கி வந்து என் தோளில் கை போட்டார்.

“ஷோரூம் வாசல்ல இத நிறுத்துனா சனம் செல்ஃபி எடுக்க வரும், அப்படியே டிராக்டரையும் பாக்கும். ஆனா இதப் பத்தி எடுத்துச் சொல்ல எங்கிட்ட ஆள் இல்ல மாப்ள. திங்கக்கிழமை வந்துடுங்க, மாலதிகிட்ட பேசிட்டேன்.”

நன்னிலத்தில் இருக்கிற மச்சான் ஷோரூமில், அந்த மஞ்சள் காருக்குப் பக்கத்தில் நின்று இப்போது டிராக்டர் விற்கிறேன். ஏலத்தில் போனது கார் மட்டும்தான் என்று நான் சொன்னால், வீட்டில் ஒருவரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.