கரும்பலகையில் இரண்டு இதயங்கள்

டிவி தொடர்களில் வருகிற பள்ளிக்கூடங்களில் எனக்குப் பிடித்த விஷயம், அங்கே யாருக்கும் பாடம் நடத்துவதில்லை என்பதுதான். மணி அடிக்கும். வாத்தியார் சாக்பீஸை எடுப்பார். உடனே ஒரு பெண் கண்கலங்கி வெளியே ஓடுவாள், ஒரு பையன் அவள் பின்னால் ஓடுவான், வாத்தியார் வாசலைப் பார்த்தபடி நிற்பார், விளம்பரம் வந்துவிடும். அந்தப் பையனுக்கு தாடியை மழித்த இடம் பச்சையாகத் தெரியும்.

நான் திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டியிருக்கிறேன். ஓசூரில் கேன்டீனில் பாத்திரம் கழுவியிருக்கிறேன். சென்னையில் இருந்தபோது செய்யாத வேலை இல்லை. எந்த ஊரில் எந்த விடுதியில் கிடந்தாலும், சாயங்காலம் இப்படி ஒரு தொடர் ஓடினால் கையில் தட்டோடு நின்று பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள், பள்ளிக்கூடம் இப்படியா இருக்கும் என்று சிரிப்பார்கள். ஏழாம் வகுப்புப் பாதியில் நின்றவள் நான். ஆனால் அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் ஒருநாள் படித்திருக்கிறேன்.

ஆரணியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. எங்கள் தறியில் அப்பா சேலையின் உடலை நெய்வார்; பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து, கரைக்கான நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவைத் தள்ள வேண்டும். அம்மாதான் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு குந்த முடியாமல் போனதும் அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது நான் போகவில்லை. யாரும் அழவில்லை. எங்கள் தெருவில் அது ஒரு செய்தியே இல்லை. கரைப்பக்கம் உட்கார்கிறவளுக்கு ஒரே ஒரு சட்டம்: கண்ணைத் திருப்பக் கூடாது. திருப்பினால் ஓர் இழை தப்பும். தப்பினால் அப்பாவின் முழங்கை விலாவில் வந்து சொல்லும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும் அந்தச் சட்டம் தளரும். தெரு முழுக்கத் தறிச் சத்தம் ஒரே நேரத்தில் நின்றுபோகும். அரசு கொடுத்த டிவிகள் எல்லா வீட்டிலும் ஒரே பாட்டைப் பாடத் தொடங்கும். பிளஸ் டூ படிக்கும் பையன்களும் பெண்களும் கொட்டமடிக்கும் தொடர் அது. பணக்காரப் பையன் ஒருவன், ஒரு பெண்ணுக்காகப் பரீட்சைக்கு முந்தின மாதம் பள்ளி மாறுவான். டி.சி. கிடைக்குமா, மார்க் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் எல்லாரும் அவன் அவளைப் பார்த்துவிடுவானா என்றுதான் தவித்தோம்.

அந்த மே மாதம் அவன் மாறி வந்த பள்ளி எங்கள் ஊர்ப் பள்ளியாகிவிட்டது! கதாநாயகியின் சொந்த ஊர் பட்டு நெய்கிற ஊர் என்று கதையைத் திருப்பியிருந்தார்கள். செய்தியைக் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. சந்தவாசலுக்கும் ஆரணிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டியை அணைக்காமலே இறங்கி ஓடிவந்தார்.

"பாப்பா, ஷூட்டிங் நம்ம ஊர்லதான்! ஹீரோவ லாட்ஜுலேர்ந்து நான்தான் இட்டாந்தேன். நேர்ல பாத்தா இன்னும் வயசா கீறாரு. நாளைக்கு கிளாஸ் சீனு. ஸ்கூல் புள்ளைங்க வேணுமாம். நீ வர்ற."

"அவளுக்கு இன்னாடா ஷூட்டிங்கு?" என்றாள் அம்மா. "ஸ்கூல்ல அவ பேர அடிச்சி அஞ்சு மாசம் ஆவுது. அவ ஸ்கூல் புள்ளையே இல்ல."

"அங்க யாருக்கா ஸ்கூல் புள்ள? அந்த ஹீரோ பொண்ணு எல்.கே.ஜி. சேரப் போவுது. அவரே பையத் தூக்கிகினு போறாரு, இவ போனா இன்னா?"

அப்பா யோசித்தார். தறியில் பாவு, அதாவது நெடுக்கு நூல், தீர்ந்திருந்தது. மறுநாள் ஆள் வந்து புதுப் பாவைப் பிணைக்க வேண்டும், அதுவரை தறி ஓடாது. "போய்ட்டு வரட்டும்" என்றார். அன்று ராத்திரி நான் தூங்கியதாக நினைவில்லை.

என் சீருடை அதற்குள் அப்பா உட்காரும் பலகைக்கு மெத்தையாகியிருந்தது. அடுத்த வீட்டுப் பெண்ணிடம் ஒன்று வாங்கி, இடுப்பில் ஊக்கு குத்திக்கொண்டு கிளம்பினேன். பள்ளி வாசலில் பெரிய வேன், ஜெனரேட்டர், கயிறு கயிறாக ஒயர். ஆனால் கேட்டில் டிரில் மாஸ்டர் நின்றிருந்தார், வாயில் விசிலோடு, ஒவ்வொரு முகமாகப் பார்த்து உள்ளே அனுப்பியபடி. என்னைத் தெரியாமலிருக்க வாய்ப்பே இல்லை. நான் படிப்பை நிறுத்தியதும் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசிப் பார்த்தவர் அவர்தான்.

நான் வேனுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மாமா அசரவில்லை. வண்டியிலிருந்த இயக்குநரின் குடையை எடுத்து என் கையில் திணித்தார்.

"டைரக்டர் குடை. யாராச்சும் கேட்டா நிக்காத, ஜல்தி ஓடு!"

ஓடினேன். டிரில் மாஸ்டர் என்னைப் பார்த்தார். விசில் அவர் உதட்டிலேயே இருந்தது, ஊதவில்லை. குடைக்கு அவ்வளவு சக்தி என்று நினைத்து நான் பூரித்துப்போனேன்.

உள்ளே நடந்தது எல்லாமே அதிசயம். எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்த இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். தொப்பி போட்ட சின்ன வயசுக்காரர்.

"ஸ்டூடண்ட்ஸ் கேட்டேனே, யாருய்யா இவங்க? பிளஸ் டூ மாதிரி ஒருத்தன்கூட இல்லையே!"

"சார், நான் பிளஸ் டூதான் சார்" என்றான் ஒருவன். உண்மையாகவே பிளஸ் டூ. கழுத்தெலும்பு தெரிய, என் உயரத்துக்கு நின்றான்.

"நீ கடைசி பெஞ்சுக்குப் போ தம்பி. நம்பவே மாட்டாங்க."

எங்கள் சீருடையும் சீருடை மாதிரி இல்லையாம், வெளுத்துவிட்டதாம். உடை கொடுக்கிறவர் ஒரு மூட்டையைப் பிரித்து எல்லாருக்கும் கோட்டும் டையும் கொடுத்தார். மே மாத ஆரணி வெயிலில் கோட்டு! டைக்குப் பின்னால் எலாஸ்டிக் இருந்தது. பையன்கள் இழுத்து விட்டு, 'டப் டப்' என்று ஒருவன் கழுத்தில் ஒருவன் அடித்து விளையாடினார்கள். வராந்தாவில் கதாநாயகன் அதே கோட்டு டையோடு போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மிஸ், என் பொண்ணு ஏ பி சி டி ஃபுல்லா சொல்லுவா மிஸ். ஒரு தடவ டெஸ்ட் வெச்சிப் பாருங்க மிஸ்."

வகுப்பறைக்குள் போனோம். பத்தாம் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு லீவிலும் தனி வகுப்பு நடந்துகொண்டிருந்த அறை அது. முந்தின நாள் பாடம் கரும்பலகையில் அப்படியே இருந்தது. பலகை நிறைய ஓர் இதயம். நான்கு அறைகள், மேலே வளைந்த குழாய்கள், நீலச் சாக்பீஸிலும் சிவப்புச் சாக்பீஸிலும் அம்புக்குறிகள்.

"இதயமா? சூப்பர். லவ் சீனுக்குக் கரெக்டா இருக்கு" என்று அருகில் போன இயக்குநர் முகம் சுளித்தார். "இன்னாய்யா இது, கத்தரிக்கா மாதிரி இருக்கு? யாருக்கும் புரியாது. அழிச்சிட்டு நல்ல இதயமா ஒண்ணு போடு."

"சார், இதான் சார் நிஜ இதயம்" என்றது கடைசி பெஞ்ச்.

"நிஜம் எவனுக்குடா வேணும்? ஏழு மணிக்கு எங்க வீட்ல நான் பாக்குறதே நிஜம் தாங்காமதான்."

வகுப்பே சிரித்தது. உதவியாளர் துணியை எடுத்து பலகையின் பாதியை அழித்தார். அந்த இடத்தில் சிவப்பில் வெற்றிலை வடிவ இதயம் ஒன்று வந்தது. அதன் நடுவே குறுக்காக ஓர் அம்பு பாய்ந்தது. மீதிப் பாதியில் பழைய இதயத்தின் குழாய்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கேமராவில் அது தெரியாது என்று விட்டுவிட்டார்கள்.

காட்சி இதுதான்: டீச்சராக நடிப்பவர் பலகையைக் காட்டிப் பேசுவார். கதாநாயகன் கதாநாயகியின் மேல் காகித ராக்கெட் விடுவார். அவள் திரும்புவாள். நாங்கள் பலகையைப் பார்த்துப் பாடம் கேட்க வேண்டும். கேமராவைப் பார்க்கக் கூடாது. இவ்வளவுதான். ஆனால் பார்க்காதே என்று சொன்ன பிறகு பார்க்காமல் இருக்க முடிகிற மனிதன் உண்டா? 'ஆக்‌ஷன்' என்றதும் வகுப்பு முழுவதும் கேமராவைப் பார்த்தது. மறுபடி எடுத்தார்கள். ஒருவன் ஜன்னலில் எட்டிப் பார்த்த தன் அம்மாவுக்குக் கை காட்டினான். மறுபடி எடுத்தார்கள். ராக்கெட் டீச்சரின் கொண்டையில் செருகிக்கொண்டது.

"கேமராவப் பாக்காதீங்கடா! உங்க கால்ல விழறேன், பாடத்தப் பாருங்கடா! பேஜாராப் போச்சுடா உங்களோட!"

நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல அம்புக்குறி ஒன்று இதயத்திலிருந்து கிளம்பி, மேலே போய், நுரையீரல் என்று எழுதியிருந்த இடத்தில் நுழைந்தது. அங்கே போனதும் நிறம் மாறி, சிவப்பாகத் திரும்பி வந்தது. வருகிற வழியில்தான் துணி பட்டிருந்தது. திரும்பி வந்தது எங்கே போகும்? வந்த அறைக்கா, வேறு அறைக்கா? வேறு அறைக்கென்றால் எதற்கு இந்தச் சுற்று? காதல் அம்பு வேறு அந்த இடத்திலேயே வந்து குத்தி மறைத்துக்கொண்டிருந்தது. அழிந்த சுண்ணாம்புப் புகைக்கடியில் மெல்லிய கோடு தெரிகிற மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. 'கட்' என்றார்கள், ஆக்‌ஷன் என்றார்கள், திட்டினார்கள். எனக்கு எல்லாம் தூரத்தில் கேட்டது.

"ஏய், அந்தப் பொண்ணு!"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"பாருங்கடா இவள. கண்ணு நகருதா? எம்மா நேரமா பாத்துகினு இருக்கேன், இந்த ரூம்ல இது ஒண்ணுதான் ஸ்டூடண்ட்! எழுந்து முன்னாடி வாம்மா. எந்த கிளாஸ் படிக்கிற?"

கதவருகில் டிரில் மாஸ்டர் நின்றிருந்தார். இதோ சொல்லப்போகிறார், கோட்டைக் கழற்றி வெளியே அனுப்பப்போகிறார்கள், டிவியில் என் முகம் வராது, தெருவில் முழிக்க முடியாது. எல்லாம் ஒரு நொடியில் ஓடியது.

"ஏழாவது சார்" என்றார் டிரில் மாஸ்டர். "எங்க புள்ளதான்."

முதல் பெஞ்சில், கதாநாயகிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். காட்சி ஓகே ஆனது. கதாநாயகி என் கன்னத்தைக் கிள்ளி, "நல்லா நடிக்கிறியே" என்றாள். நான் பறந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

ஒளிபரப்பான அன்று எங்கள் வீட்டில் தெருவே கூடிவிட்டது. மாமா பயணிகளை நடுவழியில் இறக்கிவிட்டு வந்திருந்தார். ராக்கெட் பறந்தது, பாட்டு எழும்பியது, கதாநாயகி மெதுவாகத் திரும்பினாள், அவள் தோளுக்குப் பின்னால் நான்! கோட்டும் டையுமாக, எங்கோ பார்த்தபடி! கத்திய கத்தில் வசனம் கேட்கவில்லை. கண் சிமிட்டும் நேரம்தான். மாமா, "ஹீரோயின விட இவதான்யா நடிச்சிருக்கா" என்றார். அப்பாவுக்கும் பெருமை தாங்கவில்லை. "தறியில உக்காந்த கண்ணுப்பா. அலையாது" என்று எல்லாருக்கும் விளக்கினார். அம்மா மட்டும் விளம்பரம் வரும்வரை காத்திருந்து கேட்டாள்.

"போர்டுல இன்னாடி பாத்துகினு இருந்த?"

"நடிச்சேம்மா" என்றேன்.

சில நாள் கழித்து மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் டிரில் மாஸ்டர் மொபெட்டை நிறுத்தினார். டிவியில் பார்த்ததாகச் சொன்னார்.

"ஜூன் ஒண்ணாந்தேதி காலைல வந்துடு பாப்பா. அதே முதல் பெஞ்ச்ல உக்கார வெக்கறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஜூன்லயும் ஷூட்டிங் இருக்கா சார்?"

அவர் என்னையே பார்த்தார். "நீ வா. அப்பாகிட்ட நான் பேசறேன்" என்று சொல்லி வண்டியை மிதித்தார்.

ஜூனில் மறுபடி ஷூட்டிங் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். அவர் சொன்ன காலையில் தீபாவளிப் பாவாடையைக் கட்டிக்கொண்டேன். அடுத்த வீட்டுப் பெண் தன் சீருடையைத் தானே போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் இல்லாத நேரத்தில் டிரில் மாஸ்டர் வந்து பேசிவிட்டுப் போனாராம்; அப்பா அரை நாள் விட்டார். கரைப்பக்கம் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதாக ஏற்பாடு. அதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, ரெட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் கட்டினாள்.

"ஷூட்டிங்குக்கு எதுக்கும்மா ரிப்பனு? அவங்களே மேக்கப் போடுவாங்க."

"கட்டிக்கினு போ" என்றாள். முடிச்சை இறுக்கிவிட்டு, என்னைத் திருப்பி நிறுத்தி, முகத்தைப் பார்த்தாள். போகும்போது வாசல் வரை வந்தாள்.

பள்ளி வாசலில் வேன் இல்லை. ஜெனரேட்டர் இல்லை. தொப்பிக்காரர் இல்லை. மைதானத்தில் பிள்ளைகள் வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசைக்கு முன்னால் நின்ற டிரில் மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டார். அவர் முகம் மலர்ந்ததையும், கையை உயர்த்தி வா வா என்று கூப்பிட்டதையும் நான் பார்த்தேன். இன்னொரு முறை மைதானத்தை நன்றாகத் தேடினேன். கேமரா எங்குமே இல்லை. இத்தனை பெரிய மனிதர் இப்படியா ஏமாற்றுவார்? தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேனே என்று அழுகையும் கோபமுமாக வந்தது. மணி அடிப்பதற்குள் திரும்பி வேகமாக நடந்தேன். போனால் அம்மாவை எழுப்பிவிட்டுக் கரைப்பக்கம் உட்கார்ந்துகொள்ளலாம், அரை நாளாவது வீணாகாது.