சீசன் கவர்

தென்காசியில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் தெரு மருந்துக்கடை அண்ணாச்சிக்குக் கை ஒழியாது. குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தொண்டை கட்டி வருகிறவர்களுக்கென்று காலையிலேயே சின்னக் காகித உறைகளில் மாத்திரைகளைப் போட்டு வைத்திருப்பார். காய்ச்சலுக்கு, சளிக்கு, கூடவே ஒரு ஆன்டிபயாட்டிக். அட்டையைக் கத்தரித்துப் போடுவதால் எதிலும் பெயர் இருக்காது. ‘சீசன் கவர்’ என்போம். நேந்திரம் சிப்ஸ் மாதிரி கேட்டு வாங்குவோம்.

என் இதயத் துடிப்பு அவ்வப்போது தாறுமாறாக ஓடும். அதற்கான மாத்திரையை மாதாமாதம் எடுத்துத் தருவதும் இதே அண்ணாச்சிதான். “ஏம்மா, ஹார்ட் மாத்திரை தீந்திருக்குமே?” என்று தெருவில் நிறுத்திக் கேட்பார். கூடப் பிறந்தவன்கூட என்னை அப்படி விசாரித்ததில்லை.

போன சீசனில் ஐந்தருவியில் நனைந்து எனக்கும் தொண்டை கட்டியது. கவரை நீட்டினார்.

“அண்ணாச்சி, நான் ஹார்ட் மாத்திரை போடுதேன்லா, இது சேருமா?”

“எல்லாரும் போடுததுதாம்மா. ஒண்ணுஞ் செய்யாது.”

கடையில் கூட்டம். என் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. நானும் நம்பி விழுங்கினேன்.

மறுநாள் அடுப்படியில் நெஞ்சு படபடத்தது, கண் இருட்டியது. விழுந்தது தெரியாது. விழித்தபோது ஆஸ்பத்திரியில் நெஞ்சு முழுக்க ஒயர். ஈசிஜியைப் பார்த்த டாக்டரம்மா, புதிதாக என்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று கேட்டார். பலருக்கும் ஒத்துக்கொள்ளும் சில ஆன்டிபயாட்டிக்குகள், என்னுடைய இதய மாத்திரையோடு சேர்ந்தால் துடிப்பைக் குலைத்து உயிருக்கே உலை வைத்துவிடுமாம். பெயர் தெரிந்தால் அடுத்த மருந்தைப் பயமில்லாமல் கொடுப்பேன் என்றார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கவரை எடுத்துவந்தார். உள்ளே பெயரில்லாத மாத்திரை ஒன்றுதான் மிச்சம். உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, கவரில் கொடுத்த மாத்திரையின் பெயரைக் கேட்டார்.

“நானா? நான் ஒண்ணும் குடுக்கலையே! உங்க வீட்ல வேற எங்கனயாவது வாங்கியிருப்பாவ.”

அட பாவி! கூசாமல் சொன்னார். நான் கிடக்கிற கிடையில் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாரே என்று வயிறு எரிந்தது. டாக்டரம்மா என் மாத்திரைகள் எல்லாவற்றையும் நிறுத்தி, மானிட்டரைப் பார்த்துப் பார்த்து வைத்தியம் செய்தார். எப்படியோ பிழைத்தேன்.

அடுத்த நாள் ஆப்பிள் பையோடு வந்து நின்றார் அண்ணாச்சி. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. வீட்டுக்காரர் டீ வாங்கப் போனதும் குனிந்து காதருகே பேசினார்.

“அந்தக் கவர்ல மிச்சம் ஒண்ணு கெடக்குமே, அதக் குடுத்திரும்மா. யார்ட்டயும் காட்டிராத.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, “மாத்திரை பேரச் சொல்லுங்க, தாரேன்” என்றேன்.

“அசித்ரோமைசின்” என்றார். யோசிக்கக்கூட இல்லை.

முந்தின நாள் போனில் அந்த ஒரு வார்த்தையைத்தானே கேட்டோம்.