ஜன்னல் பக்கத்துக் கட்டில்

முதல் வருடம் கொழும்புக்குப் படிக்க வருகிற பிள்ளைக்கு ஊரில் ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். வாளி கொண்டு போ, நுளம்பு வலை கொண்டு போ, பூட்டு இரண்டு கொண்டு போ. எனக்கும் தந்தார்கள். கட்டிலைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கம்பஸ் விடுதியில் இடம் கிடைக்கவில்லை. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் போர்டிங் கிடைத்தது. ஓர் அறை, இரண்டு கட்டில். ஒன்று ஜன்னலோடு, இரண்டு கட்டடங்களுக்கு இடையால் கையகலக் கடல் தெரியும். மற்றது குளியலறைச் சுவரோடு. அந்தச் சுவர் எந்நேரமும் ஈரம், தலையணை பூஞ்சணம் மணக்கும், போனில் சிக்னலும் வராது. நான் இரண்டு நாள் பிந்தி வந்ததால் ஈரச்சுவர்தான் எனக்கு.

ஜன்னலோரம் படுத்தவள் வன்னிப் பக்கத்துப் பிள்ளை. அவளுடைய அம்மா தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர், ஆறரைக்குத்தான் வீடு திரும்புவார். ஆறரைக்கு இவள் கட்டிலில் இருந்தபடி ஸ்பீக்கரில் போட்டு அம்மாவுக்குப் போன் எடுப்பாள். ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரை எதுவும் அவளுக்கு விளங்கவில்லை. "ஏலாதம்மா, விட்டிட்டு வரப்போறன்" என்று அழுவாள். கடலோர ரயில் இரைந்துகொண்டு போகும்போது இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள். பிறகு அந்த அம்மா ஒவ்வொரு நாளும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் போயிட்டு வா பிள்ளை. பிறகு பாப்பம்."

அடுத்தநாள் காலை அவள் எழும்பிக் கம்பஸுக்குப் போவாள். எனக்கோ அந்த அழுகையைக் கேட்கக் கேட்க எரிச்சல்தான் வந்தது. ஜன்னலும் கடலும் கிடைத்தும் அழுகிறாளே என்று பொருமினேன். என் புத்தி அந்த அளவுதான்.

பொங்கல் விடுமுறை முடிந்து அவளைவிட ஒருநாள் முந்தி வந்தேன். வேண்டுமென்றுதான். அவளுடைய படுக்கைவிரிப்பை மடித்து ஈரச்சுவர்க் கட்டிலில் வைத்துவிட்டு, என்னுடையதை ஜன்னலோரம் விரித்தேன். அன்று மத்தியானம் நன்றாக நித்திரை கொண்டேன்.

அவள் வந்து பார்த்தாள். "எனக்கு முட்டு வருத்தம், அந்த ஈரம் ஒத்துவராது" என்றேன். எனக்கு மூச்சுமுட்டு ஒருநாளும் வந்ததில்லை.

"வருத்தமெண்டா நீரே அதில படும். எனக்கென்ன" என்றாள்.

முதல் இரண்டு நாள் ஆறரைக்கு என்னிடம் வந்து, "ஒரு அஞ்சு நிமிசம் இதில இருக்கட்டே?" என்று கேட்டாள். ஓம் என்றேன். ஆனால் காலை மடக்கவில்லை. புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை. ஒரு மூலையில் தொற்றிக்கொண்டு கதைத்தாள். மூன்றாம் நாள் கேட்கவில்லை. சிக்னல் தேடி மாடிப்படிக்குப் போனாள்.

வீட்டுக்கார அன்ரி அவளைக் கூப்பிட்டார். "பொம்பிளைப் பிள்ளை படியில நிண்டு போன் கதைச்சா ஆக்கள் என்ன நினைப்பினம்? உள்ளுக்குப் போம்." அன்றுமுதல் ஆறு மணிக்கே அன்ரி இரும்புக் கிறில் கதவைப் பூட்டத் தொடங்கியதால் வெளியே போய்க் கதைக்கவும் வழியில்லை. பகலில் எடுத்தால் அம்மா தோட்டத்தில், போன் வீட்டில்.

அறை அமைதியானது. நான் நிம்மதியாகப் படித்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். கம்பஸுக்குப் போவது வாரத்தில் நாலு நாளானது, பிறகு இரண்டு நாளானது.

ஒரு வியாழக்கிழமை விரிவுரை முடிந்து வந்தேன். அவளுடைய இரண்டு பைகளும் கட்டியபடி கதவடியில் இருந்தன.

"நான் போறன்" என்றாள்.

"அம்மாட்டச் சொல்லீட்டீரோ?"

"இல்லை. சொன்னா, நாளைக்கு ஒருநாள் மட்டும் எண்டுவா."

சொல்லிவிட்டு உடனே பையைத் தூக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு என்ன தேவை என்று எனக்குத் தெரிந்திருந்தது. மூன்று மாதம் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கேட்ட வசனம், எனக்கு அது மனப்பாடம். ஆனால் அதைச் சொல்வதென்றால் ஜன்னலோரக் கட்டிலை விட்டுக்கொடுக்க வேண்டும்.

"ஒரு பையைத் தாரும்" என்றேன். "காலி வீதி பஸ் தரிப்பிடம் மட்டும் தூக்கிக்கொண்டு வாறன்."