நின்று தெளிந்த தண்ணீர்

இந்த நினைவு மலரின் அட்டையில் அப்பா முறைத்துக்கொண்டிருக்கிறாரே, வேறு படம் கிடைக்கவில்லையா என்று தம்பி கேட்டான். கிடைக்கவில்லை. கேமராவைக் கண்டாலே அவருக்கு முகம் இறுகிவிடும். அவர் போய் ஓராண்டு கழிந்தும் அந்த முகத்தை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை.

கீழ்வேளூருக்குக் கிழக்கே, உப்பு பூத்த வயல்களுக்கு நடுவிலுள்ள சிற்றூரில், சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாத கூலிக் குடும்பத்தின் மூத்த மகனாக அப்பா பிறந்தார். எங்கள் தெருவார் ஊர்க் குளத்தில் குடம் முக்கக் கூடாது என்றிருந்த காலம் அது. பிறகு ஆட்சி மாறியது, மேடைப் பேச்சும் மாறியது. மிராசுதார் களத்தில் கூலியாக அளந்த நெல் மட்டும் மாறவில்லை. கூடுதலாகக் கேட்டுத் தெருவே வேலைக்குப் போகாமல் நின்றபோது அப்பா முன்வரிசையில் நின்றார். தகராறு ஓய்ந்த பின் சுற்றுவட்டாரத்தில் அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே, பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார்.

நிலக்கரியை எடுக்க மேல்மண்ணைப் புரட்டி மலைபோலக் கொட்டியிருந்தார்கள். அந்த மண்ணைத் திரும்பப் பரப்பி விளைநிலம் ஆக்கும் வேலை சில ஆண்டுகளில் அப்பாவுக்கு வந்தது. நெல் நட்டுப் பார்க்க ஒரு துண்டு நிலம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. பட்டா யார் பேரில் இருந்தால் என்ன, எப்போது தண்ணீர் கட்டுவது, எப்போது வடிப்பது என்று வாழ்க்கையில் முதல் முறையாக அவரே முடிவுசெய்த நிலம் அது.

அங்கேதான் அவர் தவறு செய்தார். எங்கள் பக்கத்து உவர் வயலில் தண்ணீர் கட்டி, சேறு கலக்கி, முதல் தண்ணீரை வடித்துவிடுவார்கள். உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். சுரங்க மண்ணையும் அப்பா அப்படியே கழுவினார். எங்கள் ஊர் வடிகால் கடலுக்குப் போகும். சுரங்க நிலத்து வடிகாலுக்குக் கீழேயோ ஓர் ஊரும் அதன் குடிநீர்க் குளமும் இருந்தன. மண்ணிலிருந்த கந்தக அமிலம் தண்ணீரோடு இறங்கி, மறுநாள் குளத்து மீன்களெல்லாம் செத்து மிதந்தன.

ஊரே திரண்டு வந்தது. மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று மேலாளர் சமாதானம் சொன்னார். அப்பா இடைமறித்தார்.

"மழை இல்லீங்க. நாந்தான் வடிச்சு வுட்டேன்."

அந்த ஊர் அஞ்சலை அத்தைதான் அவருக்குப் பதில் சொன்னார்: "இனிமே நீங்க என்ன செஞ்சாலும் அந்தக் கொளத்துல நாங்க கொடம் முக்க மாட்டோம்."

ஊர்க் குளத்தில் குடம் முக்கக் கூடாது என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர் அப்பா. தம்மால் இன்னோர் ஊருக்கு அந்த நிலை வந்ததை அவரால் தாங்க முடியவில்லை. வடிகாலை அடைத்து, வயலுக்குக் கீழே ஒரு குட்டை வெட்டச் செய்தார். மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டார், தக்கைப்பூண்டு விதைத்து உரமாக மடக்கி உழுதார், கோடையில் நம் பக்கம் வயலில் அடைப்பதுபோல ஆட்டுக்கிடை போட வைத்தார். வடிந்த தண்ணீர் குட்டையில் நின்று தெளியும். அதில் விட்ட கெண்டைக் குஞ்சுகள் பிழைத்துத் துள்ளினால்தான் மடையைத் திறப்பார். மேலதிகாரி பார்வையிட வருகிறார், சீக்கிரம் திற என்று அவசரப்படுத்தினாலும் மாட்டார். வீட்டுக்கு வந்தாலும் மீன் பேச்சுதான். கட்டிய பெண்டாட்டி சாப்பிட்டாளா என்று ஒரு நாள் கேட்டதுண்டா என்று அம்மா நொடிப்பார்.

நெல் விளைந்தது. குளத்தில் மறுபடியும் மீன் வந்தது. ஆனால் அப்பா ஓய்வுபெற்று ஊர் திரும்பும்வரை அந்தக் குளத்தில் ஒரு குடம்கூட இறங்கி அவர் பார்க்கவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு, பார்க்க வந்த பழைய சுரங்கத் தோழர்களிடமெல்லாம் இதையே கேட்டார்.

"அங்க இப்ப கொளத்துல கொடம் முக்குறாங்களா?"

யாருக்கும் தெரியவில்லை. ஆமாம் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். அவரிடம் அது எடுபடாது.

அப்பா காலமான அன்று, உடலைக் குளிப்பாட்டும் நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. தோழர்களில் ஒருவர் தகவல் சொல்லியிருக்கிறார். நரைத்த தலையோடு அஞ்சலை அத்தை இறங்கினார். பின்னால் வந்த பெண்களின் இடுப்பில் நிறைகுடங்கள்.

"எங்க கொளத்துத் தண்ணி. நாங்க குடிக்கிறதுதான். அண்ணன இதுல குளிப்பாட்டுங்க."

கேட்டவர் காதில் விழவில்லையே என்று நான் வாய்விட்டு அழுதேன்.

அப்பாவின் கடைசி நாட்களில் மருந்தும் துணையுமாக நின்றவர்கள், பந்தல் போட்டவர்கள், தோள் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் குடங்களில் ஒன்றை மட்டும் அம்மா உடலருகே கொண்டுபோக விடாமல் தனியே எடுத்து வைத்தார். துக்கத்துக்கு வந்து, தாகமாக இருக்கிறது என்ற உங்களுக்கு அதிலிருந்துதான் சொம்பில் மொண்டு கொடுத்தார். தயங்காமல் வாங்கிக் குடித்த ஒவ்வொருவருக்கும் எங்கள் நன்றி.