நான் அவுட் கொடுக்காத பிடி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனில் பிளேஸ்டோவுக்குப் பக்கத்து மைதானமொன்றில் கிரிக்கெட் ஆடுவோம். வெளியாள் அம்பயர் கிடையாது. துடுப்பெடுத்தாடும் அணியிலேயே ஒருவன் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இதைவிடக் கேடுகெட்ட ஏற்பாடு உலகத்தில் இல்லை. சொந்த ஆளுக்கு அவுட் கொடுத்தால் தேத்தண்ணி நேரத்தில் ஒருத்தனும் பக்கத்தில் இருக்க மாட்டான். நான் கொடுப்பேன். என்னை அரிச்சந்திரன் என்று நக்கலடிப்பார்கள்.

எங்கள் கப்டனுக்கு ஊரில் ‘ஆட்கள்’ இருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். இரண்டு கிழமைக்கு முன் அவரையும் நான் முதல் பந்திலேயே அனுப்பியிருந்தேன். அப்போது அவர் சிரித்துக்கொண்டுதான் போனார்.

அன்றும் வெள்ளைக் கோட்டு என் மேல்தான். அவர் மட்டையோடு என் பக்கத்து விக்கெட்டில் வந்து நின்றார். கையுறையை இறுக்கிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, அம்மா இப்பவும் கோயிலடி வீட்டிலதானோ?"

"ஓம் அண்ணை."

"தனியத்தானே இருக்கிறா?"

அம்மாவைப் பற்றி அவரிடம் நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அடுத்த ஓவரில் பந்து அவருடைய மட்டையின் விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்குப் போனது. எதிரணியில் ஆடிய என் அறைத்தோழன் பாய்ந்து, புல்லுக்கு ஒரு சாண் மேலே பிடித்தான். சுத்தமான பிடி. எல்லாரும் கத்தினார்கள். கப்டன் அசையவில்லை. பந்தையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிலத்தில பட்டது. நொட் அவுட்," என்றேன்.

அறைத்தோழன் கிட்ட வந்தான். "மச்சான், நீ பாத்தனிதானே?"

"ஓம். பட்டது."

அவன் பந்தை என் காலடியில் போட்டுவிட்டுப் போனான். வெட்கத்தில் என் காது சுட்டது. ஒரு விளையாட்டுக்கு ஒருத்தன் ஒரு கிழவியைக் காட்டி வெருட்டுவானா என்று பத்திக்கொண்டும் வந்தது. ஆனாலும், அம்மா தப்பினா, அது போதும் என்று நினைத்தேன். கப்டன் அன்று சதம் அடித்தார். தேத்தண்ணிக்கு என்னைத் தன் பக்கத்தில் இருத்தி, ரோல்ஸ் எடுத்துத் தந்தார்.

இரண்டு மாதம் கழித்து, கொழும்பைச் சுற்றி அம்மாவின் கடிதம் வந்தது. நலம் விசாரித்துவிட்டு எழுதியிருந்தா:

"உன்ரை சினேகிதர் எண்டு நாலு பேர் வீட்டுக்கு வந்தவை. நல்ல மரியாதையான பிள்ளையள். சொல்லுக் கேக்கிற பிள்ளையாம் நீ. இனியும் அடிக்கடி வந்து பாப்பினமாம்."