எங்கள் லயத்துக்கு ஏறி வந்த வரிக்கொசு

மாதம் ஒருமுறை பதுளையிலிருந்து சுகாதாரப் பகுதி மிஸ் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு வருவார். சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பிடிப்பார். வாளி, பீப்பாய், பூச்சட்டி எல்லாவற்றிலும் டோர்ச் அடித்துப் புழு தேடுவார். எந்தக் கொசு கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று வருஷக்கணக்காக எழுதி வருகிறார்களாம்.

என் வீட்டில் ஐந்து நிமிஷம் நிற்பார். அடுத்த காம்பராவில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் ஒரு மணி நேரம் உட்காருவார். அவளுக்கு வாய் இருக்கிறது. எனக்கு வெளியாளைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் பழைய கதை சொல்வதும் மிஸ் சிரிப்பதும் சுவர் வழியாகக் கேட்கும். வயிறு எரியும். பாதி வயசை டவுனில் கழித்துவிட்டு வந்தவளுக்கு மலைக் கொசுவைப் பற்றி என்ன தெரியும்? காலமெல்லாம் கொழுந்து பறித்த என் கணுக்காலுக்கு அல்லவா தெரியும்!

அந்த எரிச்சலில் ஒரு காரியம் செய்தேன். மாதா படத்துக்கு முன்னால் போத்தலில் பூ வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். சனிக்கிழமைதோறும் தண்ணீர் மாற்றுவேன். இந்த முறை மாற்றவில்லை. புழு கிடந்தால் மிஸ் என் வீட்டிலும் உட்காருவார் என்று நினைத்தேன். சில நாளில் போத்தலுக்குள் புழுக்கள் நெளிந்தன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மிஸ் வந்தார். நாத்தனாரும் பின்னாலேயே வந்தாள்.

"என்னம்மா இது, மாதா காலடியிலயா நுளம்பு வளர்க்கிறீங்க? டெங்கு வந்தா என்ன செய்வீங்க?"

"அண்ணிக்கு மாதா மேல அம்புட்டு பக்தி மிஸ். தண்ணியக் கொட்டக்கூட மனசு வரல" என்றாள் நாத்தனார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு முகம் காந்தியது. மிஸ் கொஞ்சம் புழுவைச் சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வாசல் மண்ணில் ஊற்றினார்.

"இது உடம்புல வரி போட்ட நுளம்போட புழு. இவ்வளவு மேல எப்ப வந்துச்சு?"

"அது எங்க காலத்துலயே இருந்துச்சு மிஸ்" என்றாள் அவள்.

"இல்ல" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பிறகு நிறுத்த முடியவில்லை.

"அப்ப ரெண்டு விதக் கொசுதாங்க. காணுல ஓடுற அழுக்குத் தண்ணியில மண்ணு கலருல ஒண்ணு, பொழுது சாஞ்சா காதுல பாடும். இன்னொண்ணு மழை இல்லாத மாசத்துல ஆத்துக் குழியிலருந்து வரும். பின்பக்கத்தத் தூக்கிக்கிட்டு, சுவத்துல குத்துன ஊசி மாதிரி நிக்கும். அது கடிச்சாத்தான் குளிர்க்காய்ச்சல். அதக் கண்டு ரொம்ப வருஷமாச்சு. இந்த வரிக்காரி டவுனோட நின்னவ. முதல்ல தோட்டத்துக் கீழ் டிவிசனுக்கு வந்தா. தயிர்க் கோப்பையும் பழைய டயரும் இங்க ஏறுன பிறகு இவளும் ஏறிட்டா. பட்டப்பகல்ல கடிக்கிறா. குளிரும் முந்தி மாதிரி இல்லீங்களே."

மிஸ் எழுதினார். ஊசி மாதிரி நிற்பதை மட்டும் இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்" என்றாள் நாத்தனார்.

மிஸ் அவளைப் பார்க்கவில்லை. என் பெயரைக் கேட்டு எழுதினார். எட்டிப் பார்த்தேன். அவள் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை. அதைப் பார்க்க என் ஐந்தாம் வகுப்புப் படிப்பு போதும்.

"தேத்தண்ணி ஆறுது, வாங்க மிஸ்" என்றாள் நாத்தனார்.

மிஸ் புத்தகத்தை மூடிக்கொண்டு அவளோடு போய்விட்டார். என் அடுப்பிலும் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. மிஸ்ஸுக்கென்று இஞ்சிகூடத் தட்டி, இரண்டு கோப்பை எடுத்து வைத்திருந்தேன். கூப்பிட வாய் வரவில்லை. இரண்டு கோப்பையையும் நானே குடித்தேன்.